வேலையில் தொழில்முனைவு மனப்பான்மையும் தலைமைப் பண்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், முதல்முறை டீம் லீடர் ஆனவர்கள், சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல வருடம் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்து, அப்புறம் ஒரு சிறிய குழுவை நடத்திய அனுபவத்திலிருந்தும், இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

தொழில்முனைவு மனப்பான்மை என்றால் சொந்தக் கம்பெனி ஆரம்பிப்பதுதானே?

ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம். நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். யாருடைய பொறுப்பு என்றே தெரியாமல் கிடக்கும் ஒரு பிரச்சினையைப் பார்த்ததும் ‘இதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், சொன்னபடி முடித்தும் காட்ட வேண்டும். எந்த அலுவலகத்திலும் இப்படிக் கேட்பாரற்ற பிரச்சினைகள் நிறைய இருக்கும். வாடிக்கையாளர் கொடுத்த புகார் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் தொலைந்துபோகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரம் யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரே அறிக்கையை மூன்று பேர் மூன்று விதமாகத் தயாரிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் தொட மாட்டார்கள்.

வேலையை விடாமலேயே பெரிதாகச் செய்து காட்டியவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கென் குடராகி. சோனியில் பொறியாளராக இருந்தவர். வேறொரு நிறுவனமான நிண்டெண்டோவின் வீடியோ கேம் கருவிக்கு ஒலிச் சிப் ஒன்றை வடிவமைத்தார். வீடியோ கேமை மதிக்காத மேலதிகாரிகள் சோனிக்குள் நிறைய பேர் இருந்தார்கள். அவர்களின் கோபத்துக்கு நடுவே, தலைவர் நோரியோ ஓகா அவருக்குத் துணை நின்றார். அந்த முயற்சி வளர்ந்து 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டே ஒருவர் புதிய தொழிலை உருவாக்கினார்.

குடராகிக்கு ஓகா தேவைப்பட்டார் என்பதையும் கவனியுங்கள். எடுத்த பிரச்சினை கொஞ்சம் பெரிதானால் தனி ஆளாக முடிக்க முடியாது. மேலே இருப்பவரையும் பக்கத்தில் இருப்பவரையும் நம்மோடு சேர்ந்து நடக்க வைக்க வேண்டும். தலைமைப் பண்பு அங்கே தேவைப்படுகிறது. அதனால்தான் இந்த இரண்டையும் நான் தனித்தனியாகப் பேசுவதில்லை.

எனக்குப் பயந்த சுபாவம். ரிஸ்க் எடுக்கத் துணிச்சல் இல்லாதவருக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும். தொழில்முனைவோர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பவர் என்று ஒரு படம் நம் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் படம் பலரை வீணாகத் தடுத்து வைத்திருக்கிறது, இன்னும் சிலரை வீணாகக் குதிக்கவும் வைத்திருக்கிறது.

சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் கற்பனையான ஒரு புதிய பொருளைக் கொடுத்து, ‘இதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள்? மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்றார். அதை வைத்து 2001-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அந்த அனுபவசாலிகள் சந்தை எவ்வளவு பெரிது, லாபம் எத்தனை சதவீதம் வரும் என்ற கணிப்பில் தொடங்கவில்லை. என் கையில் என்ன இருக்கிறது, எனக்கு யாரைத் தெரியும், இது படுத்துவிட்டால் எவ்வளவு போகும், போனால் தாங்குவேனா என்றுதான் யோசித்தார்கள். தாங்கக்கூடிய நட்டம் எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்தார்கள்.

பயந்த சுபாவம் உள்ளவருக்கு இது இயல்பாகவே வரும் கணக்கு. நட்டம் என்று பணத்தை மட்டும் எழுதாதீர்கள். நேரம், நல்ல பெயர், உடம்பு, குடும்பத்தின் பொறுமை எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும். ‘இந்த முயற்சிக்கு ஆறு சனிக்கிழமைகள், சேமிப்பில் இவ்வளவு, அதற்கு மேல் இல்லை’ என்று தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். முன்பே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே இறங்கிய பிறகு மனசு ‘இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்’ என்று நியாயம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சொந்தத் தொழில்தான் உங்கள் எண்ணம் என்றாலும் வேலையை உடனே விட வேண்டியதில்லை. 2014-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள் அதைக் கைவிடும் வாய்ப்பு, நேராக வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களைவிட 33 சதவீதம் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். அலுவலக நேரம், அலுவலகக் கணினி, அலுவலகத் தகவல் எதையும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள். இதில் கொஞ்சம் அசந்தாலும் வருடக்கணக்கில் சேர்த்த நல்ல பெயர் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது? என் வேலையில் யாரும் என்னிடம் யோசனையே கேட்பதில்லை.

யோசனையைத் தேடாதீர்கள், எரிச்சலைத் தேடுங்கள். இரண்டு வாரம் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொண்டு, உங்களைச் சுற்றி யார் எதற்குச் சலித்துக்கொண்டாலும் ஒரு வரி எழுதுங்கள். யார் சொன்னது, எதைப் பற்றி, எவ்வளவு நேரம் வீணானது. இரண்டு வார முடிவில் ஒரே விஷயம் நான்கைந்து முறை வந்திருக்கும். அதுதான் உங்களுடைய பிரச்சினை.

அதற்கு உடனே மருந்து போட்டுவிடாமல் வேர்வரை போய்ப் பாருங்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாய்ச்சி ஓனோ ‘ஐந்து முறை ஏன் என்று கேள்’ என்று வலியுறுத்துவார். அவர் காட்டும் உதாரணம் இப்படிப் போகும். இயந்திரம் ஏன் நின்றது? சுமை அதிகமாகி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் அதிகமானது? பேரிங்குக்குப் போதுமான எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்த மாதம் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். அலுவலகப் பிரச்சினைகளில் நாம் பெரும்பாலும் ஃபியூஸ்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வேர் தெரிந்த பிறகு, யாரிடமும் அனுமதி கேட்காமல் உங்கள் வேலைக்குள்ளேயே செய்து பார்க்கக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எது என்று பாருங்கள். அதைச் செய்து, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் வெறும் யோசனையோடு போவதற்கும், ‘மூன்று வாரம் இப்படிச் செய்து பார்த்தேன், ஒரு நாள் வேலை இரண்டு மணி நேரமாகக் குறைந்தது’ என்று போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மேலாளர் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்?

அந்த ‘வேண்டாம்’ எந்த ‘வேண்டாம்’ என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது வேண்டாம், எனக்குப் புரியவில்லை, இதற்குப் பணம் இல்லை, இது தவறினால் என் தலை உருளும், உன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று எல்லாமே வெளியே ஒரே சொல்லாகத்தான் வரும். ‘எந்தப் பகுதி உங்களுக்கு உறுத்துகிறது?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும்.

பொறுமைக்கு ஒரு கதை சொல்கிறேன். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968-ல் வலுவான பசை தேடிக்கொண்டிருந்தபோது, லேசாக ஒட்டி எளிதாகப் பிரிந்துவரும் பசை ஒன்று கிடைத்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்குள் கேட்பவர்களிடமெல்லாம் வருடக்கணக்கில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை என்ற இன்னொரு ஊழியர், தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் விழுந்துகொண்டே இருந்ததால் 1974-ல் அந்தப் பசையை நினைத்துப் பார்த்தார். அந்தப் பசை தடவிய சின்னத் தாள்களை 1977-ல் சில நகரங்களில் விற்றுப் பார்த்தபோது சரியாகப் போகவில்லை. அடுத்த வருடம் ஓர் ஊரில் இலவசமாகக் கொடுத்து மக்களைப் பயன்படுத்த வைத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ‘வாங்குவோம்’ என்றார்கள். 1980-ல் அந்த ஒட்டுத்தாள் போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. பசை பிறந்து 12 வருடம் கழித்து.

ஆனால் எல்லாப் பொறுமையும் பலன் தராது, அதையும் சொல்லியாக வேண்டும். 1975-ல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். ஒரு படத்தை கேசட்டில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடி பிடித்தது. ஃபிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனத்துக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஆகவே, உங்கள் யோசனையை நிராகரிப்பவர்கள் காரணம் சொல்லி நிராகரிக்கிறார்களா, அல்லது இப்போது வந்துகொண்டிருக்கும் வருமானம் கலைந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவே மறுக்கிறார்களா என்று பாருங்கள். முதல் வகை இடத்தில் இருங்கள், மெருகேற்றுங்கள். இரண்டாவது வகை இடத்தில் வருடங்களைக் கரைக்காதீர்கள்.

பொறுப்பை நானே எடுத்துக்கொண்டால் எல்லா வேலையும் என் தலையில் விழாதா?

விழும். இந்தப் பயம் நியாயமானது. ‘அவரிடம் கொடுத்தால் நடந்துவிடும்’ என்று பெயர் வாங்கியவர்கள் இரவு பத்து மணிக்கும் அலுவலகத்தில் இருப்பதையும், அவர்களைத் தாண்டி மற்றவர்கள் மேலே போவதையும் நான் பார்த்திருக்கிறேன். பொறுப்பு எடுக்கச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

எனவே முடிவு தெரியும் வேலையாக எடுங்கள். ‘புகார்களை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் அது ஆயுள் தண்டனை. ‘புகார் வரும் வழியை இரண்டு மாதத்தில் ஒழுங்குபடுத்தி இந்தப் பிரிவிடம் ஒப்படைக்கிறேன்’ என்றால் அதற்கு ஒரு கரை உண்டு. பொறுப்போடு அதிகாரத்தையும் கேட்டு வாங்குங்கள். யாரிடம் தகவல் கேட்கலாம், எவ்வளவு செலவு செய்யலாம், உங்கள் பழைய வேலையில் எதை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் முதலிலேயே பேசி, மின்னஞ்சலில் இரண்டு வரி போட்டு வைக்க வேண்டும். முடிந்ததும் என்ன மாறியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தற்பெருமையாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், செய்த வேலைக்குக் கணக்கு கொடுப்பதும் வேலையில் சேர்த்திதான்.

இப்படி ஒரு வருடம் செய்த பிறகும் சம்பளம், அதிகாரம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுகூட கூடவில்லை என்றால், அந்த இடம் உங்கள் உழைப்பை வாங்கிக்கொள்கிறது, உங்களை வளர்க்கவில்லை. வேறு இடம் தேடுவதில் தப்பே இல்லை.

என் யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டார். என்ன செய்ய?

முதல் முறை என்றால் தனியாகக் கேளுங்கள். பல நேரம் அவர் அதை உணராமலேயே செய்திருப்பார். இரண்டாவது முறை என்றால், இனி யோசனையை வாய்ப்பேச்சாக விடாமல் நான்கைந்து பேருக்குப் போகும் மின்னஞ்சலில் எழுதுங்கள். மற்றபடி இதில் ரொம்ப நேரம் கரைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு யோசனையை வாயால் சொல்லிவிடலாம், நடத்தி முடிப்பது அதைப் புரிந்துகொண்டவரால்தான் முடியும். அடுத்த கேள்வி கேட்கும்போது எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

பதவியே இல்லாமல் தலைமை காட்ட முடியுமா?

அங்கேதான் அது உருவாகிறது. பதவி வந்த பிறகு மக்கள் கேட்பது பாதி பதவிக்காக. பதவி இல்லாதபோது கேட்கிறார்கள் என்றால் அது உங்களுக்காக.

இதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை. மீட்டிங் முடிந்ததும் ‘யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது’ என்று ஐந்து வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பிப் பாருங்கள். ஒரு மாதத்தில் அந்த மீட்டிங்கின் மையம் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் ‘நீங்கள் இதை நேரடியாகப் பார்க்கிறவர், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். சொன்ன தேதியில் முடியாது என்று தெரிந்தால், அந்தத் தேதி வரும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசிப் பழக்கம் ஒன்றுக்காகவே சிலரை நான் எந்த வேலைக்கும் கூப்பிடுவேன்.

நேற்றுவரை நண்பர்கள், இன்று நான் அவர்களுக்கு மேலாளர். எப்படிச் சமாளிப்பது?

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்தப் பதவியை வாங்கித் தந்த திறமை வேறு, இந்தப் பதவிக்குத் தேவையான திறமை வேறு. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் விற்பனையில் கெட்டிக்காரராக இருந்தவர் மேலாளர் ஆனபோது அவருக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. மற்றவர்களோடு சேர்ந்து விற்கும் பழக்கம் உள்ளவர்கள் மேலாளராக நன்றாகச் செய்தார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். கீழே இருப்பவர் ஒரு வேலையில் திணறுவதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ‘விடு, நானே பண்ணிடறேன்’ என்று வாங்கிவிடுவோம். வேலை முடிந்துவிடும், அவர் கற்றுக்கொள்ள மாட்டார், நமக்கும் தூக்கம் போகும். வேலையைக் கொடுக்கும்போது முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விடுங்கள், நடுவில் எந்த நாளில் ஒருமுறை பார்ப்போம் என்பதை அப்போதே பேசி வையுங்கள். இடையில் எட்டிப்பார்க்காதீர்கள். புதியவருக்கு மட்டும் எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லோரையும் ஒரே மாதிரி விட்டுவிடுவது சுதந்திரம் ஆகாது.

நண்பர்கள் விஷயத்தில், முதல் வாரமே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். ‘நம் பழக்கம் மாறாது, ஆனால் லீவு, மதிப்பீடு, வேலைப் பங்கீடு இதிலெல்லாம் நான் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்க வேண்டும்’ என்று சொல்லிவிட வேண்டும். உங்கள் இடத்துக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனவர் யாராவது இருந்தால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். அவருக்கு எந்தத் துறையில் உங்களைவிட அதிகம் தெரியுமோ, அதை முழுசாக அவர் கையில் கொடுங்கள்.

டீமில் தவறு நடந்தால் ஒரு தலைவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தால், அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் வெளியே சொல்லப்பட்டது. மற்ற குழுக்களில் பயத்தில் மறைத்தார்கள். இதிலிருந்து வளர்ந்துதான் ‘உளவியல் பாதுகாப்பு’ பற்றிய அவருடைய 1999 கட்டுரை வந்தது. திட்டு வாங்குவோம், மட்டம் தட்டப்படுவோம் என்ற பயம் இல்லாமல் பேச முடிகிற நிலையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

நான் இதைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, பட்டுக் கற்றுக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய கணக்கு விவரத்தில் ஒரு பத்தி முழுக்கத் தவறாக இருந்தது. அவர்கள் அதை வைத்து முடிவெடுத்து, நட்டப்பட்டு, எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்புறம் தெரிந்தது, என் டீமில் இளையவர் ஒருவருக்கு இரண்டு நாள் முன்பே சந்தேகம் வந்திருக்கிறது. ‘ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘போன மாதம் அண்ணன் ஒருத்தர் தப்பைச் சொன்னப்ப நீங்க எல்லார் முன்னாடியும் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்துச்சு’ என்றார். அந்த நட்டத்தில் என் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கு விளங்கியது. அந்தப் பதிலை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினேன். கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் என் முதல் வார்த்தை ‘சொன்னது நல்லது’ என்பதுதான், உள்ளே எவ்வளவு கொதித்தாலும். யார் செய்தது என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, எந்த இடத்தில் இது நம் கண்ணில் படாமல் தப்பியது என்று கேட்பேன். வாரம் ஒருமுறை என் சொந்தத் தவறு ஒன்றை நானே டீமில் சொல்வேன். மூன்றாவதுதான் கஷ்டம், அதுதான் அதிகம் வேலை செய்தது.

டொயோட்டாவின் தொழிற்சாலைகளில் எந்தத் தொழிலாளியும் கோளாறைப் பார்த்தால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவந்து பார்ப்பார், குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இந்தச் சிந்தனையின் வேர் நிறுவனரின் தந்தை சாகிச்சி டொயோடா உருவாக்கிய தறிகளில் இருக்கிறது. நூல் ஒன்று அறுந்தால் அந்தத் தறி தானாக நின்றுவிடும், பிழையோடு துணி ஓடிக்கொண்டே இருக்காது. உங்கள் டீமில் அந்தக் கயிறு யார் கைக்கு எட்டுகிறது, யார் இழுக்கப் பயப்படுகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். தவறைச் சொல்லப் பயமில்லை என்பது வேறு, அலட்சியத்தைக் கேட்பாரில்லை என்பது வேறு. அதே தவறை அதே ஆள் மூன்றாவது முறை செய்தால் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லியே ஆக வேண்டும்.

நெருக்கடி வந்து போட்ட திட்டமெல்லாம் கலைந்துவிட்டால்?

பழைய இலக்கைப் பிடித்துக்கொண்டிருக்காமல் புதிய இலக்கைச் சொல்லுங்கள். துருவப் பகுதிப் பயணியான எர்னஸ்ட் ஷேக்கல்டன் 1914-ல் அண்டார்டிக் கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டார். அடுத்த ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது, 1915 நவம்பரில் மூழ்கியே போனது. கடப்பது என்ற இலக்கை அவர் கைவிட்டு, இனி எல்லோரும் உயிரோடு திரும்புவதே வேலை என்றார். அதற்கேற்பச் சின்னச் சின்ன முடிவுகளையும் மாற்றினார். குறைசொல்லிக் குழுவைக் கலைக்கக்கூடியவர்களைத் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தார்கள், கடைசிக் குழுவை 1916 ஆகஸ்டில் மீட்டார். அதே பயணத்துக்காகக் கண்டத்தின் எதிர்ப்பக்கத்தில் உணவு சேர்த்துவைக்க அனுப்பப்பட்ட இன்னொரு குழுவில் மூன்று பேர் இறந்துபோனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும் டீமை மறந்துவிடக் கூடாது என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் அதிகம் பேசாத ஆள். என்னால் டீமை நடத்த முடியுமா?

முடியும். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒரே நிறுவனத்தின் பல கிளைகளை ஒப்பிட்டது. ஊழியர்கள் தாங்களாகவே யோசனை சொல்லும் கிளைகளில், கலகலப்பாகப் பேசும் மேலாளரின் கீழ் லாபம் குறைவாகவும் அமைதியான மேலாளரின் கீழ் அதிகமாகவும் இருந்தது. ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கிளைகளில் இது தலைகீழ். துடிப்பான ஆட்களுக்குக் காதுகொடுத்துக் கேட்பவர் தேவை. ஒன்று மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: பாராட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் நினைத்தது யாருக்கும் தெரியாது.

முடிவெடுக்க ரொம்பத் தயங்குகிறேன்.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளைக் கதவுகளோடு ஒப்பிட்டார். சில கதவுகளில் போனால் திரும்ப முடியாது, பல கதவுகளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். திரும்பி வரக்கூடியதற்கு ஒரு நாளுக்கு மேல் யோசிக்காதீர்கள். திரும்ப முடியாததற்கு, உளவியலாளர் கேரி க்ளைன் பரப்பிய ஒரு முறையை முயலுங்கள். ‘ஒரு வருடம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது?’ என்று டீமில் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘ஏதாவது ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டால் வாய்திறக்காதவர்கள்கூட இதில் எழுதித் தள்ளுவார்கள்.

வயது 40 தாண்டிவிட்டது. இனிமேல் சாத்தியமா?

அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புதிய நிறுவனங்களை ஆராய்ந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், ஆயிரத்தில் ஒன்றாக மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. தொடங்கும் துறையிலேயே முன் அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு இன்னும் அதிகம். உங்கள் வயதை விடுங்கள், எந்தத் துறையில் இத்தனை வருடம் இருந்தீர்கள் என்று பாருங்கள்.

தலைமைப் பயிற்சி வகுப்பு, எம்பிஏ எல்லாம் தேவையா?

கணக்கு, நிதி அறிக்கை, ஒப்பந்தம் போன்றவற்றைப் படித்துக் கற்றுக்கொள்வது நல்லது, விரைவும்கூட. ஆட்களை நடத்துவதை வகுப்பில் மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. கடனாகப் பெரிய தொகை போட்டுப் படிப்பதற்கு முன், நான்கு பேர் கொண்ட ஏதாவது ஒரு சிறிய வேலையை முழுசாக நடத்திப் பாருங்கள். அப்புறம் படித்தால் பாடம் வேறு மாதிரி புரியும்.

ஆட்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். யாரையும் சொந்த லாபத்துக்காகப் பழக எனக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சம் நல்லதுதான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டுப் பார்த்தார். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் கிடைத்தது 17 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்கள் மூலம் கிடைத்தது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும், தூரத்துப் பழக்கம்தான் புதிய செய்தி கொண்டுவரும். எனவே பழைய சக ஊழியர், கூடப் படித்தவர், ஒரு வேலையில் உதவியவர் இவர்களுக்கு மாதம் ஒருவராக ஒரு செய்தி அனுப்புங்கள். எதுவும் கேட்காமல், அவருக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைச் சொல்லி.

நான் உண்மையிலேயே வளர்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதவிப் பெயரை வைத்துப் பார்க்காதீர்கள், அது மற்றவர்கள் கொடுப்பது. நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில கேள்விகளை எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். போன ஆறு மாதத்தில் நான் தொட்டதால் காணாமல்போன பிரச்சினை எது? சிறியதாகச் செய்துபார்த்துத் தோற்ற முயற்சி எது? ஒன்றுகூட இல்லை என்றால் நான் புதிதாக எதையும் முயலவில்லை. கெட்ட செய்தி எனக்கு எத்தனை நாள் தாமதமாக வருகிறது? போன முறையைவிடக் குறைந்திருக்கிறதா? நான் இரண்டு வாரம் லீவு போட்டால் எது நின்றுபோகும்?

கடைசிக் கேள்விக்கான பட்டியல் ஒவ்வொரு முறையும் சின்னதாக வேண்டும். நின்றுபோகும் என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவரின் பெயரை எழுதி, திங்கட்கிழமை அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.